எலக்ட்ரானிக் மீன் அளவு போர்டு: வாங்குறதா, நாமளே பண்றதா, இல்ல பென்சிலே போதுமா?

ஈரநோட்டு:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப்போறேன் பொறுத்துக்கோங்க. நாங்க மூணு பேர், சர்வே படகுல மடி (இழுவலை) தூக்குனதும் கொட்டுற மீன்ல சாம்பிள் எடுத்து நீளம், எடை, ஆணா பெண்ணா, சினை எந்த நிலைல இருக்கு, கொஞ்சத்துக்கு செவிக்கல் (மீன் வயசு பாக்க தலைக்குள்ள இருந்து எடுக்குற குட்டிக் கல்), இவ்வளவும் பாக்கணும். இப்ப நடக்குறது என்னன்னா ஒருத்தர் அளவு பலகைல மீன வச்சு நம்பர கத்துவார், ஒருத்தர் நோட்ல எழுதுவார், மூணாவது ஆள் தராசு. எஞ்சின் சத்தத்துல நூத்தி இருபத்தாறா நூத்தி அறுபத்தாறான்னு தெரியாது, திருப்பிக் கேட்டா கத்துனவர் அதுக்குள்ள மீன கூடைல போட்டிருப்பார். ஈரக்கை பட்டு பட்டு நோட்டு ஊறிப்போய், 3ஆ 8ஆன்னு பாக்கப் போனா அந்த இடத்துல ஒரு செதில் ஒட்டிக்கிட்டு இருக்கும். கரைக்கு வந்தப்புறம் ரெண்டு ராத்திரி உக்காந்து எக்ஸெல்ல ஏத்தணும். போன தடவ 226 மிமீ மீன் ஒண்ணு 2260ஆ ஏறி, சராசரி போடுறப்ப தான் கண்ணுல பட்டுச்சு. அது பட்டுச்சு சரி, 226 போய் 262 ஆன மீன் எத்தன இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

இப்ப எலக்ட்ரானிக் போர்டுன்னு ஒண்ணு இருக்காம், மீன வச்சு வால்ல காந்தப் பேனாவ தொட்டா பீப்னு சத்தம் வந்து நீளம் தானா சேவ் ஆயிடுமாம். மேலதிகாரி மூணு வழி சொல்லி நீயே விசாரிச்சு சொல்லுன்னு விட்டுட்டார். ரெடிமேடா வாங்குறது, ஆர்டுய்னோன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு வச்சு நாமளே பண்றது, இல்லன்னா மேல ஒரு கேமரா மாட்டி போட்டோல இருந்து அளக்குறது. நாளைக்கு 600 மீன் வரைக்கும் அளப்போம், முக்காவாசி 10ல இருந்து 40 செமீக்குள்ள, எப்பவாவது 1 மீட்டர் பக்கத்துல ஒரு சுறா வரும். நிஜமாவே நேரம் மிச்சமாகுமா? எதுல ஏமாந்துடுவோம்? யூஸ் பண்ணவங்க சொல்லுங்க ப்ளீஸ், விளம்பரத்துல இருக்குறது எல்லாத்தையும் படிச்சாச்சு.

உப்புக்காத்து:

நாலு வருஷமா கப்பல்ல இதுல தான் பொழப்பு ஓடுது, அதனால நல்லது கெட்டது ரெண்டும் சொல்றேன்.

முதல்ல நேரம். நீளம் மட்டும் எடுக்குற சாம்பிள்ல, அதாவது ஒரு கூடை சாளைய கொட்டி வரிசையா அளந்து தள்ளுற வேலைல, இது ராஜா. எழுதுற ஆளே வேண்டாம், அளக்குறவர் கை நிக்காம ஓடும். கரைக்கு வந்து டைப் பண்ற ரெண்டு ராத்திரியும் உங்களுக்கு மிச்சம், உண்மைய சொன்னா பெரிய லாபமே அது தான். ஆனா வயித்த கிழிச்சு சினை பாத்து செவிக்கல் எடுக்குற மீன்ல பெருசா ஒண்ணும் மிச்சமாகாது, ஏன்னா அங்க நேரம் தின்றது கத்தி, பென்சில் இல்ல. உங்க 600ல எத்தன கத்திக்குப் போகுதுன்னு முதல்ல எண்ணிப் பாருங்க தம்பி.

நல்ல போர்டுல நீளம் அளக்குற ஏரியாவுக்குப் பக்கத்துலயே கட்டம் கட்டமா படம் போட்டிருக்கும், ஆண், பெண், நிலை 1, 2, 3, சேவ், கேன்சல்னு. அதே காந்தப் பேனாவால அந்தக் கட்டத்த தொட்டா போதும், கீபோர்டே தொட வேண்டாம். இது பெரிய வசதி, ஏன்னா டேப்லெட் ஸ்கிரீன் ஈரக்கைக்கும் கிளவுஸுக்கும் மசியாது, மேல ஒரு சொட்டு தண்ணி விழுந்தா அதுவே பட்டன அழுத்திக்கும். இன்னொண்ணு, ஒவ்வொரு சென்டிமீட்டர் குரூப்புக்கும் இத்தன செவிக்கல் தான் வேணும்னு சாஃப்ட்வேர்ல சொல்லி வச்சுட்டா, மீன அளந்த உடனே இதுக்கு கல் எடு, இத கூடைல போடுன்னு அதுவே சொல்லிடும். முன்னாடி இதுக்குன்னே ஒரு அட்டைல கோடு போட்டுக்கிட்டு நிப்போம், கோடு போட மறந்து ஒரே சைஸுல நாப்பது கல் எடுத்துட்டு பெரிய மீனுக்கு ஒண்ணு கூட இல்லாம திரும்பி வந்திருக்கோம்.

இனி கெட்டது. எனக்கு நடந்ததுலயே பெரிய அசிங்கம், கானாங்கெளுத்தி கூடை முடிஞ்சு சாளை கூடை வந்துச்சு, நான் ஸ்கிரீன்ல மீன் பேர மாத்தாமலே அளந்துக்கிட்டே போயிட்டேன். பீப் பீப்னு போர்டு சந்தோஷமா வாங்கிக்குச்சு. 140 மீன் முடிச்சு நிமிந்து பாத்தா எல்லாம் கானாங்கெளுத்தி கணக்குல. பேப்பரா இருந்தா ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்புல மீன் பேர எழுதித்தான் ஆகணும், அந்த ஒரு வேலையே ஒரு செக். இங்க அது இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு இனத்துக்கும் குறைஞ்சது இவ்வளவு, கூடுனது இவ்வளவுன்னு வரம்பு போட்டு வச்சோம், தாண்டுனா வேற மாதிரி சத்தம் வரும். நெத்திலின்னு போட்டுட்டு 350 மிமீ தொட்டா கத்தும். ஒரே சைஸ் உள்ள ரெண்டு இனம் மாறுனா அதுக்கும் தெரியாது, அங்க நம்ம கண்ணு தான்.

காந்தம் சம்பந்தமா ஒரு விஷயம். ஏப்ரன் பாக்கெட்ல இருக்குற போன்லயும் ஸ்பீக்கர் காந்தம் இருக்கு, குனிஞ்சு அளக்குறப்ப போர்டு பக்கத்துல வந்தா இல்லாத மீனுக்கு நீளம் விழும். ரெண்டு போர்டு ஒட்டி ஒட்டி வச்சாலும் அதே கதை, இவர் பேனா அவர் போர்டுல தெரியும். இரும்பு டேபிள் மேல அப்படியே வைக்காதீங்க, நடுவுல கட்டை கொடுங்க.

தினமும் காலைல நீளம் தெரிஞ்ச அலுமினியம் பட்டைய வச்சு 100, 300, 500 மிமீ மூணு இடத்துல தொட்டு அந்த ரீடிங்கையும் டேட்டாலயே சேவ் பண்ணிடுங்க. என்னைக்காவது ஒரு நாள் போர்டு 3 மிமீ நகந்து போயிருந்தா எந்தத் தேதில இருந்துன்னு கண்டுபிடிக்க வேற வழி கிடையாது. தலைப்பக்கம் மீன் மூக்கு முட்டுற கட்டைய கழட்டி கழுவிட்டு திருப்பி மாட்டுறப்ப தான் பெரும்பாலும் நகரும்.

பென்சில்_கட்சி:

நான் எதிர்க்கட்சி. பேட்டரி தீராத, ப்ளூடூத்ல ஜோடி சேக்கச் சொல்லாத, அப்டேட் கேக்காத ஒரே கருவி பென்சில் தான். தண்ணில நனையாத தாள் இருக்கு, அதுல பென்சில் தான் நிக்கும், பால்பாயின்ட் பேனா வழுக்கும். உங்க பிரச்சனைல பாதி அந்த சாதா நோட்டு தான்னு எனக்குத் தோணுது.

நீளம் மட்டும் வேணும்னா அதுக்கு ஒரு பழைய வேலை இருக்கு, இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெரியாது. அளவு பலகைல நீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் தாளோ நனையாத தாளோ பின் பண்ணிடணும், மீன வச்சு வால் முனை வர்ற இடத்துல ஒரு ஊசியால குத்து. அடுத்த மீன், அடுத்த குத்து, போகப் போக கொஞ்சம் தள்ளிக் குத்தணும் ஓட்டை மேல ஓட்டை விழாம. கத்துறதும் கிடையாது எழுதுறதும் கிடையாது, ஒரே ஆள் போதும். கரைக்கு வந்து ஸ்கேல் மேல தாள வச்சு எந்த சென்டிமீட்டருக்குள்ள எத்தன ஓட்டைன்னு எண்ணிக்கோ. மழை, உப்பு, எஞ்சின் சத்தம் எதுவும் அத ஒண்ணும் பண்ணாது. தாள் மூலைல தேதி, ஹால் நம்பர் (எத்தனாவது தடவ வலை இழுத்தது), மீன் பேர் எழுத மறந்துடாத, மறந்தா அது வெறும் ஓட்டை தாள்.

தனி மீனுக்கு எடையும் சேத்து வேணும்னா இது உதவாது, ஒத்துக்குறேன்.

சால்டரிங்_பித்தன்:

நாமளே பண்றதப் பத்தி நான் சொல்றேன், ரெண்டு பண்ணி ஒண்ணு கடலுக்குள்ள போச்சு, ஒண்ணு இன்னும் ஓடுது.

ரெடிமேட் போர்டுல நிறைய வேலை செய்றது மேக்னெட்டோஸ்ட்ரிக்டிவ் முறைல. உள்ள நீளத்துக்கும் ஒரு மெல்லிசு கம்பி இருக்கும், அதுல கரண்ட் பல்ஸ் விடுவாங்க, மேல காந்தம் எங்க இருக்கோ அந்த இடத்துல கரண்டோட காந்தப்புலமும் காந்தத்தோட புலமும் சந்திச்சு கம்பில ஒரு முறுக்கு அதிர்வு கிளம்பும், அது கம்பி வழியா ஓடி முனைல அத உணர்ற பிக்கப்புக்கு வரும். பல்ஸ் விட்டதுக்கும் அதிர்வு வந்து சேந்ததுக்கும் நடுவுல உள்ள நேரத்த பாத்தா தூரம். அதிர்வோட வேகம் ஏறக்குறைய நொடிக்கு 2800 மீட்டர், அப்படின்னா 1 மிமீக்கு 0.36 மைக்ரோசெகண்ட் தான். இங்க தான் ஆர்டுய்னோ ஆளுங்க வழுக்குறது, ஆர்டுய்னோ ஊனோ மாடல்ல நேரம் சொல்ற மைக்ரோஸ் ஃபங்ஷன் 4 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவ தான் நகரும், அத வச்சு அளந்தா 11 மிமீக்கு ஒரு படி! டைமரோட இன்புட் கேப்ச்சர் (சிக்னல் வந்த நொடிய சிப்பே பிடிச்சு வைக்குறது) யூஸ் பண்ணா 16 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு டிக் 62.5 நானோசெகண்ட், 0.18 மிமீ வருது, கணக்குப்படி போதும். ஆனா அந்தக் குட்டி சிக்னல பெருசாக்கி நாய்ஸ் இல்லாம எடுக்குறது சாமானியப்பட்ட வேலை இல்ல, நான் மூணு மாசம் முயற்சி பண்ணி விட்டுட்டேன். புத்திசாலித்தனமான வழி என்னன்னா, ஹைட்ராலிக் சிலிண்டர்லயும் டேங்க் லெவல் பாக்குறதுலயும் போடுற சென்சார் இதே டெக்னாலஜில முழுசா சீல் பண்ணியே கிடைக்குது, அத வாங்கி பலகைக்கு அடில பதிச்சுக்கலாம். அமெரிக்காவுல நோவான்னு கடல், வானிலை பாக்குற அரசு அமைப்போட அலாஸ்கா மீன்வள மையத்து ஆளுங்க இக்தியோஸ்டிக்னு இதே டெக்னாலஜில ஒரு போர்டு பண்ணி 2010ல விவரத்தோட வெளியிட்டாங்க, தேடிப் படிங்க, மறுபடி சக்கரத்த கண்டுபிடிக்க வேண்டாம்.

சுலபமானது மெம்ப்ரேன் பொட்டென்ஷியோமீட்டர், பட்டை மாதிரி இருக்கும், அழுத்துன இடத்துக்கு ஏத்த மாதிரி வோல்டேஜ் மாறும். 500 மிமீ பட்டைக்கு 10 பிட் ஏடிசி (வோல்டேஜ நம்பரா மாத்துறது) வச்சா ஒரு படிக்கு அரை மிமீ வருதேன்னு சந்தோஷப்படாதீங்க, நேர்கோட்டுத்தன்மை ஒரு சதவீதம் தப்புனாலே 5 மிமீ போச்சு. பத்து இடத்துல கேலிப்ரேட் பண்ணி, அதாவது தெரிஞ்ச நீளத்தோட ஒப்பிட்டு, ஒரு டேபிள் போட்டாகணும். அழுக்கு, செதில் ஓரத்துல பூந்து தூக்கிக்கும், தண்ணி உள்ள போனா அதோட கதை முடிஞ்சுது. கடலுக்குள்ள போனது இது தான் (அதுவா விழல, நான் தான் எறிஞ்சேன்).

பேனா விஷயத்துல எல்லாரும் கோட்ட விடுற ஒண்ணு. சென்சார் பாக்குறது காந்தத்தோட நடுவ, நீங்க பாக்குறது பேனா முனைய. பேனாவ சாய்ச்சா ரெண்டும் ஒண்ணா இருக்காது, ஒரு மிமீ ரெண்டு மிமீ நகரும். காந்தத்த விரல்ல மாட்டிக்கிட்டா வேகம் ஜாஸ்தி, ஆனா ஆளுக்கு ஆள் விரல் வைக்குற விதம் வேற, அதனால ஆள் மாறும்போது கேலிப்ரேஷனும் திருப்பி பண்ணணும். நான் விரல்ல மாட்டி, தட்டையான சின்ன பிளாஸ்டிக் நகம் மாதிரி ஒட்டி, அந்த நகம் வாலுக்கு நேரா நிக்குற மாதிரி பண்ணிட்டேன்.

பலகையப் பத்தி ஒரு சின்ன தகவல், வெள்ளை பாலிஎத்திலின் பலகை கத்தி படுறதுக்கு நல்லா இருக்கும் ஆனா சூட்டுக்கு நீளும், வெயில்ல 20 டிகிரி ஏறுனா 1 மீட்டர் பலகை 2 மிமீக்கு மேலயே நீண்டுடும். ஸ்கேல அதுலயே செதுக்கியிருந்தா ஸ்கேலும் சேந்து நீளும். அலுமினியம் அதே சூட்டுக்கு அரை மிமீ கூட போகாது.

ப்ளூடூத் பத்தி உப்புக்காத்து அண்ணன் சொல்லாம விட்டுட்டார், வலிக்குற விஷயம்னு நெனக்கிறேன். அந்த அலைவரிசைய தண்ணி குடிச்சிடும், இரும்புச் சுவர் திருப்பி அடிக்கும், போர்டுக்கும் டேப்லெட்டுக்கும் நடுவுல ரெண்டு ஈரமான மனுஷங்க நின்னாலே சிக்னல் தடுமாறும். அதனால போர்டு உள்ளயே ஒரு மெமரி இருக்கான்னு கேளுங்க, கனெக்ஷன் விட்டா அதுல சேத்து வச்சு அப்புறம் அனுப்பணும். ஐபோன், ஐபேட் வச்சிருக்கீங்கன்னா பழைய சீரியல் ப்ளூடூத் அதுல நேரா வேலை செய்யாது, வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க.

உப்புக்காத்து:

@சால்டரிங்_பித்தன் ஆமா வலிக்குற விஷயம் தான். ஒரு ட்ரிப் முழுக்க போர்டு பீப் அடிச்சுது, டேப்லெட்ல பாதி தான் இருந்துச்சு. பீப்னா போர்டு அளந்துடுச்சுன்னு தான் அர்த்தம், சேவ் ஆச்சுன்னு இல்லன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. அந்தக் கம்பெனிய இங்க இழுக்க விரும்பல. இப்ப டேப்லெட் சேவ் பண்ணதுக்கு அப்புறம் அதுவே நீளத்த வாயால சொல்ற மாதிரி வச்சிருக்கோம், இருநூத்தி இருபத்தாறுன்னு அது சொன்னா தான் அடுத்த மீன தொடுவோம்.

அரை_சென்டி:

நான் இந்த டேட்டா எல்லாம் வந்து சேர்ற இடத்துல இருக்குறவ, அதனால என் புலம்பல் வேற.

முதல் கேள்வி, உங்க பழைய டேட்டால நீளத்த எப்படி ரவுண்ட் பண்ணியிருக்கீங்க? மீன் நீள டேட்டால பல இடத்துல கீழ்ப்பக்கமா தான் எழுதுவாங்க. வட அட்லாண்டிக்ல ஐசஸ்னு பல நாடுகள் சேந்த கடல் ஆய்வு அமைப்பு ஒருங்கிணைக்குற இழுவை சர்வேல பெரும்பாலான மீனுக்கு கீழ் சென்டிமீட்டர், ஹெர்ரிங், ஸ்ப்ராட்னு சாளை மாதிரி மீன் ரெண்டுக்கும் கீழ் அரை சென்டிமீட்டர். அதாவது 24.9 செமீ மீன் 24 தான். சராசரி போடுறப்ப அரை சென்டிமீட்டர் சேத்துக்குவாங்க. இப்ப புது போர்டு வருது, அது மிமீல அளந்து 24.9ஐ 25ன்னு காட்டுது, யாரும் கவனிக்கல. போர்டு வந்த வருஷத்துல இருந்து எல்லா மீனும் சராசரில அரை சென்டிமீட்டர் வளந்த மாதிரி கிராஃப்ல ஒரு படி ஏறும். அத பாத்து கடல் சூடாகுது மீன் வளருதுன்னு யாராவது ஒரு ஆராய்ச்சி எழுதுவாங்க, சிரிக்காதீங்க.

அரை சென்டிமீட்டர் தானேன்னு நெனக்காதீங்க. எடை நீளத்தோட ஏறக்குறைய மூணாம் அடுக்குல போகுது. 20 செமீ மீன்ல அரை செமீ 2.5 சதவீதம், அது எடைல 7.7 சதவீதமா வரும். நீளத்துல இருந்து மொத்த எடைய கணக்கு போடுற இடத்துல எல்லாம் இந்தத் தப்பு பூந்துக்கும்.

அதனால போர்டு கொடுக்குற மிமீய அப்படியே சேவ் பண்ணுங்க, ரவுண்ட் பண்றத அப்புறம் கம்ப்யூட்டர்ல பழைய ரூல் படி பண்ணிக்கலாம். மிமீல இருந்து சென்டிமீட்டருக்கு வந்துடலாம், சென்டிமீட்டர்ல இருந்து மிமீக்கு போக முடியாது.

ரெண்டாவது, எந்த நீளம்? மூக்குல இருந்து வால் கவட்டை வரைக்கும் எடுக்குறது ஃபோர்க் லெங்த், வால் நுனி வரைக்கும் எடுக்குறது டோட்டல் லெங்த், வால் துடுப்பு ஆரம்பிக்குற எலும்பு வரைக்கும்னா ஸ்டாண்டர்ட் லெங்த். சூரைக்கு ஃபோர்க், திருக்கைக்கு வட்டோட அகலம், கணவாய்க்கு உடம்புக் கூடு நீளம், இறாலுக்கு தலை ஓடு. போர்டுக்கு இது எதுவும் தெரியாது, அதுக்கு எல்லாமே காந்தம் வந்த இடம். ஒவ்வொரு ரெக்கார்டுலயும் எந்த நீளம்னு ஒரு காலம் (எக்ஸெல்ல வர்ற நெடுவரிசை) இருக்கட்டும், அதே மாதிரி மீன் ஃப்ரெஷ்ஷா, ஐஸ்ல இருந்ததா, உறைஞ்சு உருகுனதான்னு ஒரு காலம். உறைய வச்சாலும் ஃபார்மலின், ஆல்கஹால்ல போட்டாலும் மீன் சுருங்கும்.

மூணாவது, போர்டு கீபோர்டு மாதிரி நடிக்குற மோடு ஒண்ணு இருக்கும், கர்சர் எங்க இருக்கோ அங்க நம்பர் விழும். டெமோல அழகா இருக்கும். படகுல யாராவது ஒரு செல்ல தெரியாம தொட்டா அதுக்கப்புறம் நீளம் எல்லாம் எடை காலத்துல போய் விழும். எக்ஸெல்ல சைஸ் குரூப்ப 10-12ன்னு எழுதுனா அது தேதின்னு நெனச்சு மாத்திக்கும், அந்தக் கொடுமை தனி. ஒவ்வொரு அளவும் நேரத்தோட ஒரு வரியா சேர்ற ஃபைல் தான் வேணும், தப்பா அளந்தத அழிக்காம ரத்துன்னு குறிச்சு வைக்குற மாதிரி.

வந்த டேட்டாவ செக் பண்ண ஒரு சின்ன வித்தை, கடைசி இலக்கத்த மட்டும் எண்ணுங்க. மிமீல நிறைய மீன் அளந்தா 0ல இருந்து 9 வரைக்கும் ஏறக்குறைய சமமா வரணும். கண்ணால படிச்சு எழுதுன டேட்டால 0ம் 5ம் மலை மாதிரி நிக்கும், மனுஷக் கண்ணு அங்க தான் போய் உக்காரும். போர்டு டேட்டால அந்த மலை இருக்காது. இருந்துச்சுன்னா யாரோ கையால டைப் பண்ணியிருக்காங்க.

ஈரநோட்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு எதிர்பாக்கல. @அரை_சென்டி அக்கா, நீங்க கேட்ட முதல் கேள்விக்கே எனக்கு பதில் தெரியல, சங்கடமா இருக்கு. மூணு பேர்கிட்ட கேட்டேன், ரெண்டு பேர் கிட்டத்துல எதுவோ அதுன்னாங்க, ஒருத்தர் கீழ்ப்பக்கம்னார்.

கேமரா பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே? அப்புறம் எடை. அதே டேப்லெட்டுக்கு தராசும் சேத்துக்கலாமா?

சால்டரிங்_பித்தன்:

கேமரா ஆசை எனக்கும் இருந்துச்சு ப்ரோ. மேல 1 மீட்டர் உயரத்துல கேமரா, கீழ பலகைல ஸ்கேல். மீன் தடிமனா இருக்குறதால மூக்கும் வாலும் ஸ்கேல் மட்டத்துல இல்லாம மேல நிக்கும், 3 செமீ மேல இருந்தா கேமராவுக்கு பக்கம்ங்குறதால 3 சதவீதம் பெருசாத் தெரியும். தடிமன் மீனுக்கு மீன் வேற, அதனால ஒரே எண்ணால கழிச்சுட முடியாது. ஓரத்துல லென்ஸ் வளைவு வேற. சரிக்கட்ட வழி இருக்கு, ஆனா லென்ஸ் மேல சளி தெறிச்சா அத்தனையும் வீண். கேமராவோட நிஜமான பலம், தப்பு வந்தா திரும்பிப் பாக்க ஒரு படம் இருக்கும். மீன் பேர் மாறிப்போன அந்த 140 மீனுக்கு படம் இருந்திருந்தா அண்ணன் தப்பிச்சிருப்பார்.

உப்புக்காத்து:

தராசு சேத்துக்கலாம், ஆனா சாதா எலக்ட்ரானிக் தராசு ஆடுற படகுல சும்மா ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், அலை அடில இருந்து மேல கிளம்புறப்ப கூடும், உச்சில இருந்து இறங்கத் தொடங்குறப்ப குறையும். ஆட்டத்த ஈடுகட்டுற தராசு தனியா இருக்கு, உள்ள எடை தெரிஞ்ச கட்டை மேல இன்னொரு சென்சார் இருக்கும், அந்தக் கட்டை எவ்வளவு ஆடுதோ அத வச்சு உங்க மீன் எடைய திருத்திக்கும். அது இல்லன்னா சின்ன மீன ஒவ்வொண்ணா எடை போடாதீங்க, கரைல போட்டுக்கலாம்.

எடைய விட முக்கியமா ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். மொத்தப் பிடி 120 கிலோ, நீங்க அளந்த கூடை 12 கிலோன்னா ஒவ்வொரு மீனையும் பத்தால பெருக்கணும், அந்தப் பத்த போர்டு கேக்காது. அந்த ரெண்டு எடையும் இல்லாம மிமீ துல்லியத்துல 600 நீளம் இருந்தும் அந்தப் பிடிய பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. கூடை நிறைஞ்ச உடனே அளக்குறதுக்கு முன்னாடியே எடை. அத பென்சில்ல எழுதுனாலும் சரி தான்.

பென்சில்_கட்சி:

ஆஹா, பென்சில் பேர் வந்துடுச்சு.

ஈரநோட்டு:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். அக்கா கேட்ட கேள்வி தூங்க விடல, அதனால எந்த போர்டும் வாங்குறதுக்கு முன்னாடி பழைய பலகைலயே ஒரு டெஸ்ட் வச்சோம். 50 மீனுக்கு நம்பர் போட்டு, மூணு பேரும் தனித்தனியா, ஒருத்தர் எழுதுனத ஒருத்தர் பாக்காம, டோட்டல் லெங்த் மிமீல. சின்ன மீன்ல எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு மிமீ தான் வித்தியாசம். கானாங்கெளுத்தில மட்டும் ஒருத்தருக்கு எப்பவும் 5, 6 மிமீ கூட. பலகை மேல சந்தேகப்பட்டோம், மூக்கு கட்டைய கழட்டி பாத்தோம், கடைசில நேர்ல நின்னு பாத்தா அவர் வாலோட ரெண்டு நுனியையும் விரலால சேத்துப் பிடிச்சு அளக்குறார், நாங்க ரெண்டு பேரும் வால் விரிஞ்சபடியே. அவர் கத்துக்கிட்ட இடத்துல அப்படித்தானாம். ஆறு வருஷமா ஒரே நோட்ல ரெண்டு விதமாவும் எழுதியிருக்கோம், எந்தப் பக்கம் யார் அளந்ததுன்னு பாதி பக்கத்துல பேரும் இல்ல.

இப்போதைக்கு முடிவு: கானாங்கெளுத்திக்கும் சூரைக்கும் ஃபோர்க் லெங்த், சேக்குறதா விரிக்குறதான்னு பிரச்சனையே வராது. நனையாத தாள் வந்தாச்சு, ஒவ்வொரு பக்கத்துலயும் அளந்தவர் பேர். நீளம் மட்டும் வேணும்ங்குற கூடைக்கு @பென்சில்_கட்சி அய்யா சொன்ன ஊசி முறைய ஒரு ட்ரிப் பண்ணிப் பாத்தோம், செம வேகம், ஆனா ஓட்டை எண்ணுறப்ப கண்ணு போச்சு. ரெடிமேட் போர்டு ஒண்ண ஒரு மாசத்துக்கு இரவல் கேட்டிருக்கோம், வந்ததும் அதே 50 மீன் டெஸ்ட்ட அதுலயும் வைக்கப்போறோம்.

அக்கா, அந்த ஆறு வருஷ டேட்டாவ என்ன பண்றது? ஃபோர்க் லெங்த்துக்கு மாத்த முடியுமா?

அரை_சென்டி:

முடியும்மா, ஒரே மீன்ல விரிச்சது, சேத்தது, ஃபோர்க் மூணையும் அளந்து கிராஃப்ல ஒரு கோடு போடுங்க, அத வச்சு மாத்திக்கலாம், சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் எல்லா சைஸும் வரணும், 50 பத்தாது, ஒவ்வொரு சைஸ்லயும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து நூத்துக்கணக்குல போகணும். பேர் இல்லாத பக்கங்கள மட்டும் கலக்காம தனியா வைங்க. கையெழுத்த வச்சு யார்னு கண்டுபிடிக்க முடியுமான்னு பாருங்க.

ஈரநோட்டு:

எழுதுனவர் கையெழுத்து தான் அக்கா இருக்கும், அளந்தவர் கத்துனவராச்சே.